ஊதுபத்தி ஓட்டைகள்

பவதாரணிக்கு அருவருப்பு என்பதே கிடையாது என்று இறுப்பிட்டியில் சொல்வார்கள். பாரிசவாதத்தில் விழுந்த தாயை நான்கு வருடம் தனி ஆளாக வைத்துப் பார்த்தவள். மலமும் சலமும் படுக்கைப் புண்ணின் சீழும் அவளுடைய கைக்குப் பழகியவை. தாய் போனபிறகு, சந்திக்குக் கிட்ட உள்ள கல்வீட்டில் தையல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். முதல் நாள் அங்கே தையல் இல்லை. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி முழுவதும் வீடு வீடாகச் சேர்த்த பழைய சேலைகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. எலி மூத்திரம் காய்ந்தவை, கரப்பான் முட்டை ஒட்டியவை, யாரோ நோயாளிக்குக் கீழே விரித்துப் பிறகு மடித்து வைத்தவை. மற்றப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். பவதாரணி மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்த் தோய்க்கத் தொடங்கினாள்.

அந்த வீட்டைத் திறந்தவள் லோஜனா. இறுப்பிட்டியில் பிறந்து, ஆறு வயதில் பெற்றோருடன் பிரான்சுக்குப் போய், அங்கே உடையமைப்புப் படித்தவள். முப்பத்திரண்டு வயது. பெற்றோர் பூட்டிவைத்திருந்த வீட்டைத் துப்புரவாக்கி, நடுக்கூடத்தில் எட்டு மெசின் போட்டாள். பவதாரணி ஊருக்குத் திரும்புமுன் பல வருடம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தவள். ஒருத்தி கத்தரிக்கோலைப் பிடிக்கிற விதத்தை வைத்தே அவளுக்குத் தொழில் தெரியுமா என்று சொல்லிவிடுவாள். லோஜனாவுக்குத் தெரிந்திருந்தது. மூன்று சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, கையால் நெருக்கமாக நூலோட்டித் தடித்த துணியாக்கி, குளிர்நாட்டுக்காரர் போடுகிற நீள அங்கிகளை அதில் வெட்டுவாள். ஒரு விரற்கடைத் துணியும் குப்பைக்குப் போகாது. சாயம் மாதுளந்தோலிலும் மஞ்சளிலும் துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரிலும் எடுப்பார்கள். தொழிற்சாலையில் ஒரே சட்டையின் ஒரே கையை ஒரு நாளைக்கு நானூறு தடவை தைத்தவளுக்கு, ஒரு அங்கியை முழுதாகத் தொடங்கி முழுதாக முடிப்பது பெரிய சந்தோசமாக இருந்தது. லோஜனாவையும் அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒவ்வொரு அங்கியோடும் ஒரு அட்டை போகும். ஒரு பக்கத்தில் பிரெஞ்சும் ஆங்கிலமும் அச்சில் இருக்கும். மறுபக்கத்தில் பவதாரணியின் கையெழுத்தில் தமிழ். சேலை யாருடையது, அதை எப்போது உடுத்தார், என்ன நடந்தது என்று நாலைந்து வரி. அவளுடைய எழுத்து வடிவானது என்பதால் அந்த வேலை அவளிடம் வந்தது. சேலை கொடுத்த வீடுகளுக்குப் போய் இருந்து கதைத்து, கேட்டதை அப்படியே எழுதுவாள். 'நயினாதீவுத் தேருக்கு எடுத்த சேலை. குறிகட்டுவானில் லோஞ்சுப் படகுக்குள் கால் வைக்கும்போது ஆணியில் மாட்டிக் கிழிந்தது. கிழிசலை உள்ளே மடித்துக்கொண்டு தேர் பார்த்தேன்.' இப்படியானவை. லோஜனா தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். பாதியில் களைத்துப்போய், "நீங்களே சொல்லுங்கோ அக்கா" என்பாள். சொன்னால், "இது காணாது. இன்னும் கொஞ்சம் உள்ளுக்குப் போய்க் கேளுங்கோ," என்பாள்.

வெட்டுமேசையில் வேலை செய்த ஞானசவுந்தரியின் மகள் ஏ.எல் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் தாய்க்குச் சோறு கொண்டுவந்த இடத்தில் அட்டையின் ஆங்கிலப் பக்கத்தை வாசித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். நயினாதீவுச் சேலைக்காரி கணவனைக் கடலில் பறிகொடுத்து அந்தச் சேலையோடு கரையில் காத்திருந்தாள் என்று அதில் அச்சாகியிருந்தது. அந்த மனுசியின் புருசன் கட்டாரில் லொறி ஓட்டுகிறார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பவதாரணியும் சிரித்தாள். அன்றைக்குச் சிரித்ததைப் பிறகு நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் வாயைக் கழுவவேண்டும் போல் இருக்கும்.

அல்போன்சம்மா வந்தது போன வருட மாசி மாதத்தில். மெலிஞ்சிமுனையில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். கருவாடு போட்டு விற்கிறவர். கையில் ஒரு பிஸ்கற் தகரம். அதை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"பிள்ளை, நீங்கள் சீலையளை வேற சட்டையாத் தைச்சு வெளிநாட்டுக்கு அனுப்புறதெண்டு கேள்விப்பட்டனான்," என்றார். "உண்மையா ஆக்கள் அதைப் போடுவினமோ?"

"ஓம் அம்மா. குளிருக்குப் போடுவினம்."

தகரத்தைத் திறந்தார். இளமஞ்சள் வொயில் சேலை. அவருடைய மூத்த மகள் ஜெயந்தாவினுடையது. தொண்ணூறுகளில் தீவை விட்டு ஓடி வன்னிக் கரையில் இருந்த குடும்பம் அது. ஜெயந்தா அங்கே கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் எடுத்த சேலை. இரண்டாயிரத்து ஒன்பதில், பங்குனி மாதம், தண்ணீருக்குப் போன இடத்தில் ஷெல் பட்டு அவள் விழுந்தபோதும் அதுதான் உடுத்திருந்தாள். கீழ்ப்பக்கத்தில் மூன்று ஓட்டைகள். அவற்றைச் சுற்றி உள்ளங்கை இரண்டு அகலத்துக்குத் துணி மண்ணிறமாகி, மொடமொடவென்று விறைத்திருந்தது.

பவதாரணி அதைத் தொட்டாள். அவளும் அதே பங்குனியில் அதே கரையில்தான் இருந்தாள், பத்தொன்பது வயதில். அதை அவள் சொல்லவில்லை. அல்போன்சம்மாவும் கேட்கவில்லை.

"எரிக்க ஏலாது. வைச்சிருக்கவும் ஏலாமக் கிடக்கு," என்றார் அல்போன்சம்மா. "நல்ல சீலை பிள்ளை. அவள் நாலு தரம்கூட உடுக்கேல்லை. ஆரும் ஒரு பொம்பிளைப் பிள்ளை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகட்டும். ஆனா இந்தத் துண்டை மட்டும் வெட்டி எனக்குத் தா. நான் சாகேக்க என்னோட வைக்கச் சொல்லவேணும்."

"கட்டாயம் வெட்டித் தாறன் அம்மா. அடுத்த முறை வரேக்க தாறன்."

அன்று மத்தியானமே ஓட்டைகளையும் கறையையும் சுற்றிச் சதுரமாக வெட்டி எடுத்து, ஓரம் பிரியாமல் தைத்து, ஒரு கடித உறையில் போட்டு, 'அல்போன்சம்மா, மெலிஞ்சிமுனை' என்று மேலே எழுதித் தன் மெசின் மேசையில் இழுத்துத் திறக்கிற லாச்சிக்குள் வைத்தாள். அட்டையில், 'ஜெயந்தா முதல் சம்பளத்தில் எடுத்த சேலை. இதைப் போடுகிறவர் வேலைக்குப் போடவேண்டும் என்பது தாயின் விருப்பம்' என்று மட்டும் எழுதினாள். வாய்விட்டுக் கதையை முழுவதும் சொன்னது லோஜனாவுக்குத்தான். லோஜனா கேட்டபடியே அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை என்று பவதாரணி இன்றைக்கும் சொல்வாள்.

அல்போன்சம்மா மூன்று மாதத்துக்கு மேலாக வரவில்லை. இளைய மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பவதாரணி லாச்சியைத் திறந்து பார்க்கவும் இல்லை.

அங்கிகளோடு பாரிசுக்குப் போயிருந்த லோஜனா சித்திரைக் கடைசியில் திரும்பி வந்தாள். எல்லாரையும் கூடத்துக்குக் கூப்பிட்டு, கேக் வெட்டி, போனில் படங்களைக் காட்டினாள். வெள்ளைச் சுவர் போட்ட பெரிய மண்டபத்தில், தலையில்லாத மரப்பொம்மை ஒன்றின்மேல் இளமஞ்சள் அங்கி. அடுத்த படத்தில் அதே அங்கியின் முதுகுப்பக்கம். நடு முதுகில், சுற்றிவரச் சிவப்பு நூலால் தைத்து, மண்ணிறச் சதுரம். மூன்று ஓட்டைகளுக்கும் பின்னால் கறுப்புத் துணி வைத்து, அவை தூரத்தில் நின்று பார்த்தாலும் தெரியும்படி செய்திருந்தது. அதற்குமேல் குனிந்து, கையில் வைன் கிண்ணத்தோடு, ஒரு வெள்ளைக்காரப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பவதாரணியின் வாயில் கேக் இருந்தது. அதைக் கைக்குள் துப்பினாள். எழும்பிப் போய் லாச்சியைத் திறந்தாள். உறை இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"அந்தத் துண்டு அந்த அம்மா திருப்பிக் கேட்டது, லோஜனா. உங்களுக்குச் சொன்னனான்," என்றாள், கூடத்தில் ஆட்கள் கலைந்தபிறகு.

"தெரியும் அக்கா. நான் எவ்வளவோ யோசிச்சனான். ஆனா அந்தத் துண்டு இல்லாட்டி அது வெறும் மஞ்சள் கோட்டு. அவவின்ர மகளின்ர கதை ஒரு பெட்டிக்குள்ள கிடந்து போயிருக்கும். இப்ப எவ்வளவு சனம் அழுதது தெரியுமே?"

"அவ அழச்சொல்லிக் குடுக்கேல்லை. போடச்சொல்லிக் குடுத்தவ."

"வாங்கினவ பெல்ஜியத்தில பெரிய சேகரிப்பாளர். அதைக் கண்ணாடிக்குள்ள வைக்கப்போறா. பவா அக்கா, அந்த அம்மாவுக்கு நான் வடிவான ஒண்டு செய்து குடுப்பன். சத்தியமா."

பவதாரணி அதற்குமேல் பேசவில்லை. பேசியிருக்கவேண்டும். அன்றைக்கே வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். ஆனால் அவளுக்கு வேறு வேலை இல்லை. எப்படியாவது அந்தத் துண்டைத் திருப்பி எடுக்கலாம், உள்ளே இருந்தால்தான் அது நடக்கும் என்றும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த வாரமே பாரிஸ் மண்டபக்காரரிடம் இருந்து கட்டளை வந்தது. அந்த அங்கியைப் போலவே இன்னும் பன்னிரண்டு வேண்டும். இலையுதிர் காலக் கண்காட்சிக்கு ஒரு தொகுதியாக வைக்கப்போகிறார்கள். லோஜனா அதற்குத் 'தழும்பு' என்று பெயர் வைத்தாள். அப்படிப்பட்ட சேலைகளைத் தேடி ஊர்காவற்றுறை, வேலணை, காரைநகர் என்று இரண்டு கிழமை அலைந்தாள். வைத்திருந்தவர்கள் கொடுக்கவில்லை. ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, பவதாரணியின் மேசையில் வெளிர்நிறச் சேலைத் துணிகளும் ஒரு கட்டு ஊதுபத்தியும் இருந்தன. லோஜனா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

"பொய் எண்டு நினையாதீங்கோ அக்கா. எல்லா வீட்டிலயும் இப்பிடி நடந்ததுதானே. சேலைகள் இல்லாமப் போச்சு, அவ்வளவுதான். நாங்கள் அதைத் திருப்பிச் செய்யிறம். ஞாபகார்த்தம் மாதிரி." ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, ஊதி, கங்கு முனையைத் துணியில் வைத்தாள். கறுப்பு விளிம்போடு பொட்டுப்போல ஒரு வட்ட ஓட்டை விழுந்தது. கூடம் முழுக்கச் சந்தன மணம் பரவியது.

"இப்பிடி வட்டமா இராது," என்றாள் பவதாரணி.

லோஜனா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஷெல் துண்டு கோணல்மாணலாத்தான் போகும். விளிம்பு இப்பிடிக் கருகாது. நூல் உள்பக்கமா இழுபட்டிருக்கும். ஒண்டு பெரிசா இருந்தா பக்கத்தில சின்னது ரெண்டு மூண்டு இருக்கும்."

சொல்லி முடித்தபிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கு விளங்கியது. லோஜனா ஏற்கெனவே கொப்பியில் குறித்துக்கொண்டிருந்தாள்.

பவதாரணி அன்றைக்கு நான்கு துணிகளில் ஓட்டை போட்டாள். கங்கு பட்ட இடத்தை ஊசி முனையால் கிண்டி, நூலை உள்ளே இழுத்து, கருகிய விளிம்பைக் கிள்ளி எடுத்தாள். கை தானாக வேலை செய்தது. எந்த இடத்தில் எத்தனை விழவேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்தது. ஏனென்றால் அவள் கண்டிருக்கிறாள். அடுத்த மேசையில் இருந்து எட்டிப் பார்த்த ஞானசவுந்தரி, "உண்மைபோலவே கிடக்குது," என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். பின்னேரம் வீட்டுக்குப் போனதும் பவதாரணி சவர்க்காரம் போட்டுக் கை கழுவினாள். சந்தன மணம் நகத்துக்குள் இருந்து போகவில்லை. கோயில் மணம்தான் அது. ஆனால் அது மூக்கில் ஏறும்போதெல்லாம் அவளுக்குக் குமட்டியது.

அடுத்தது கறை. முதலில் தேயிலைச் சாயம் ஊற்றிப் பார்த்தார்கள். வெற்றிலையோடு போடுகிற காசுக்கட்டியைக் கரைத்துப் பார்த்தார்கள். கண்காட்சி விளக்கில் அது தேயிலை என்றே தெரியும் என்று லோஜனா திருப்திப்படவில்லை. இரசாயனச் சாயம் தன் கொம்பனிக்கு ஆகாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். வியாழக்கிழமை காலை பவதாரணி குசினிக்குள் தண்ணீர் குடிக்கப் போனாள். சிங்க்குக்குப் பக்கத்தில் இரண்டு ஐஸ்கிறீம் பெட்டிகள் இருந்தன. ஒன்றின் மூடி திறந்திருந்தது. உள்ளே கருஞ்சிவப்பாக, மேலே ஆடை படர்ந்து, ஒரு இறகு ஒட்டிக்கொண்டு கிடந்தது. மூன்று ஈக்கள் பெட்டியின் விளிம்பில் நடந்துகொண்டிருந்தன.

"கோழிக்கடையில வாங்கினது," என்றாள் பின்னால் வந்த லோஜனா. "அவங்கள் எப்பிடியும் வீசிறதுதானே. நூறு வீதம் இயற்கை. ஒண்டையும் வீணாக்காமப் பாவிக்கிறதுதான் எங்கட கொள்கை."

அவள் சிரிக்கவில்லை. பகிடியாகச் சொல்லவில்லை. பவதாரணிக்கு அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. அந்த முகத்தில் கள்ளமே இல்லை. ஒரு நல்ல காரியத்தைச் சிக்கனமாகச் செய்துவிட்ட பெண்ணின் முகம். லோஜனா ஒரு தூரிகையை எடுத்து, இரத்தத்தின் ஆடையை ஒதுக்கி, பவதாரணி ஓட்டை போட்ட துணி ஒன்றில் தடவினாள். பிறகு சரித்துப் பிடித்து வழியவிட்டாள்.

பவதாரணி கிணற்றடிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். காலைத் தேத்தண்ணி, முதல்நாள் சோறு, பிறகு வெறும் மஞ்சள் தண்ணீர். நான்கு வருடம் தாயின் புண் கழுவியபோது ஒரு நாளும் அவளுக்கு வயிறு பிரட்டியதில்லை.

ஞானசவுந்தரி வந்து முதுகைத் தடவிவிட்டாள். "கோழி ரத்தம்தானே பவா. ஞாயிற்றுக்கிழமையில நான் கையால கழுவுறது. என்னத்துக்கு இப்பிடி?"

"உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையோ ஞானக்கா?"

"செய்யுது. ஆனா மகளுக்குச் சோதினை வருது, காசு வேணும். அந்த வெள்ளைக்காரர் என்னத்தைப் பாத்து அழுதா எனக்கென்ன?" வாளியில் தண்ணீர் அள்ளி வாந்தியைக் கழுவிவிட்டாள். "நீ ஏலாட்டி விடு. நான் பூசிறன்."

மிச்ச எட்டில் ஓட்டை போட்டதும், எல்லாவற்றிலும் பூசியதும் அவள்தான். பன்னிரண்டு துணிகளும் பின்வளவுக் கொடியில் வரிசையாகக் காய்ந்தன. வெயில் ஏற ஏற நாற்றம் கிளம்பியது. காகங்கள் வந்து கொடியில் இருந்து கொத்தின. அவற்றைக் கலைப்பதற்கு ஒருத்தியை முறைபோட்டு நிற்பாட்டினார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அல்போன்சம்மா வந்தார். பேரப்பிள்ளை பிறந்ததற்குச் சீனிப் பணியாரம் கொண்டுவந்திருந்தார். "அந்தத் துண்டை எடுப்பம் எண்டு வந்தனான் பிள்ளை," என்றார்.

லோஜனா யாழ்ப்பாணம் போயிருந்தாள். பொய் சொல்வதற்குப் பவதாரணிக்கு வசதி இருந்தது. பூட்டிக்கிடக்கிறது, அடுத்த கிழமை வாருங்கோ என்று அனுப்பியிருக்கலாம். அவள் வெறும் உறையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். பிறகு போனில் அந்தப் படத்தைக் காட்டினாள். என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் சொன்னாள்.

அல்போன்சம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் படத்தைப் பார்த்தார்.

"இதை ஆரும் போடுறேல்லையோ?"

"இல்லை அம்மா. கண்ணாடிக்குள்ள வைச்சிருக்கினமாம்."

"இந்த மனுசி என்ன குடிக்கிறா?"

"வைன்."

எழும்பினார். அப்போதுதான் பின்வளவுக் கொடி அவருடைய கண்ணில் பட்டது. வெளியே போய் ஒவ்வொரு துணியாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். நாலாவது துணியில் நின்று மணந்து பார்த்தார். மீன் வெட்டுகிறவருக்கு இரத்தத்தின் மணம் தெரியாதா.

"இது என்ன பிள்ளை?"

"கோழி ரத்தம் அம்மா."

"ஓட்டை?"

"ஊதுபத்தி." அதோடு நிறுத்தப் பவதாரணிக்கு மனம் வரவில்லை. "அந்த நாலும் நான் போட்டது."

அல்போன்சம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். வாயில் ஊறியதைக் கொடிக்குக் கீழே மண்ணில் துப்பினார். பிறகு கொண்டுவந்த பணியாரப் பொதியைக் கதிரையில் இருந்து திரும்ப எடுத்துக்கொண்டார். பஸ்சுக்கு நேரம் இருக்கிறது, தண்ணீராவது குடித்துவிட்டுப் போங்கோ என்று பவதாரணி கேட்டாள்.

"இந்த வளவில எனக்கு ஒண்டும் இறங்காது," என்று சொல்லிவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு போனார்.

பவதாரணி அதற்குப் பிறகும் ஒன்பது நாள் வேலைக்குப் போனாள். அட்டைகள் எழுத வேண்டியிருந்தது. பன்னிரண்டுக்கும் லோஜனா கதைகள் தயாரித்து வைத்திருந்தாள். யார் யாரோ சொன்னவற்றைக் கலந்து, பெயர்களை மாற்றி அமைத்தவை. 'வள்ளி, மூன்று பிள்ளைகளின் தாய்.' 'பெயர் தெரியாத ஆசிரியை.' பிரெஞ்சுப் பக்கம் ஏற்கெனவே அச்சாகி வந்துவிட்டது. "தமிழ்ப் பக்கத்தில உங்கட கையெழுத்துத்தான் முக்கியம் அக்கா. அது கோலம் மாதிரி இருக்கெண்டு எல்லாரும் சொல்லுறவை," என்றாள் லோஜனா.

பவதாரணி பன்னிரண்டு அட்டைகளையும் தன் வடிவான எழுத்தில், ஆறுதலாக, ஒரு எழுத்தும் பிசகாமல் எழுதினாள். எல்லாவற்றிலும் ஒன்றையே எழுதினாள்.

'இந்தச் சேலைக்காரிக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஓட்டைகள் ஊதுபத்தியால் போட்டவை. கறை கோழி இரத்தம். இதை எழுதுகிறவள் வன்னியில் இருந்தவள். ஓட்டை எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொடுத்தவளும் அவளே. பவதாரணி, இறுப்பிட்டி.'

லோஜனா ஒரு அட்டையைக் கையில் எடுத்து, "என்ன வடிவு," என்று சொல்லிப் பெட்டிக்குள் வைத்தாள். எழுத்துக் கூட்டவில்லை. பெட்டிகள் போன அடுத்த நாள் பவதாரணி வேலைக்குப் போகவில்லை.

புரட்டாதியில் பாரிசில் கண்காட்சி திறந்தது. முதல் மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் நாள், மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிற வேலை செய்த காரைநகர்க்காரர் ஒருவர் அட்டையை வாசித்தார். ஒன்றை வாசித்துவிட்டுப் பன்னிரண்டையும் வாசித்து, போனில் படமெடுத்து இணையத்தில் போட்டார். விடிவதற்குள் அது கனடா, லண்டன் சுற்றி இறுப்பிட்டிக்கும் வந்துவிட்டது. ஊரில் பாதிப்பேர் அவளை மெச்சினார்கள். பாதிப்பேர், சம்பளம் வாங்கிக்கொண்டு செய்துவிட்டு இப்போது நல்லபிள்ளைக்கு நடிக்கிறாள் என்றார்கள். இரண்டாவது பேச்சுத்தான் அவளுக்குச் சரியாகப் பட்டது. தையல் கூடத்தைப் பூட்டினார்கள். ஞானசவுந்தரி தெருவில் கண்டால் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போனாள்.

ஒன்றரை மாதம் கழித்து லோஜனா போன் எடுத்தாள். ஏச்சு விழும் என்று நினைத்துக்கொண்டுதான் பவதாரணி காதில் வைத்தாள்.

"பவா அக்கா, நான் கோவிக்கேல்லை," என்றாள் லோஜனா. குரல் உண்மையிலேயே இளகியிருந்தது. "முதல்ல நிறைய அழுதனான். ஆனா இப்ப என்ன நடந்திருக்குத் தெரியுமோ? அந்தப் பன்னிரண்டையும் அட்டையளோட சேத்து ஒரு மியூசியம் எடுக்குது. நீங்கள் எழுதினதை மொழிபெயர்த்துச் சுவரில பெரிசாப் போடப்போகினம். உங்கட நேர்மை எல்லாரையும் உலுக்கிப்போட்டுதாம். நாங்கள் ரெண்டுபேரும் சேந்து அடுத்த தொகுதி செய்வம். இந்த முறை உங்கட கதை. நீங்கள் வன்னியில இருந்தது எனக்குத் தெரியாதே. ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?"

பவதாரணிக்கு மேலெல்லாம் கூசியது. அந்த ஐஸ்கிறீம் பெட்டிக்குள் தன்னுடைய கையே மணிக்கட்டு வரை இறங்கியதுபோல் இருந்தது. தான் காறித் துப்பியதையும் பொறுக்கி எடுத்துச் சட்டம் போட்டு மாட்ட ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"என்ர கதையில ஒரு ஓட்டையும் இல்லை, லோஜனா," என்றாள். "இனி எனக்கு எடுக்காதீங்கோ."

தை மாதம் தையல் கூடத்தைத் திரும்பத் திறந்தார்கள். இப்போது அட்டை எழுதுகிறது ஞானசவுந்தரியின் மகள். பவதாரணி தன் வீட்டு முன்னறையில் ஒரு பழைய மெசினைப் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். வெள்ளைத் துணி. அதில் யாருக்கும் எதுவும் நடந்திருக்காது. இன்னமும் அவளால் கோயிலுக்குள் போய் நெடுநேரம் நிற்க முடிவதில்லை. ஊதுபத்திப் புகை எழும்பும்போது வெளியே வந்துவிடுகிறாள்.

ஒருநாள் காலை ஞானசவுந்தரி படலையடியில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. மடித்த தாள் ஒன்றை மதிலில் வைத்து அதன்மேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு, "முதல் கோட்டை வாங்கின பெல்ஜியக்காரியின்ர விலாசம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பவதாரணி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மெலிஞ்சிமுனைக்குப் பஸ் ஏறினாள். அல்போன்சம்மா கடற்கரையில் கருவாடு பிரட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கையை நிறுத்தவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. பவதாரணி நின்றபடியே விசயத்தைச் சொன்னாள்.

"நீ செய்ததையெல்லாம் சேர்ச்சில கதைச்சவை," என்றார் அல்போன்சம்மா. "எழுதினது நல்லதுதான். ஆனா பிள்ளை, என்ர துண்டு உன்ர கையில தந்தது. உன்ர கையால போனது."

"ஓம் அம்மா."

"விலாசம் இருக்கெண்டா எழுது."

கருவாட்டுப் பாய்க்கு அருகே மணலில் குந்தி, முழங்காலில் கொப்பியை வைத்துப் பவதாரணி எழுதினாள். அல்போன்சம்மா சொல்லச் சொல்ல எழுதினாள். 'அம்மா, உங்களிடம் உள்ள மஞ்சள் அங்கியின் முதுகில் தைத்திருப்பது என் மகள் ஜெயந்தாவின் சேலைத் துண்டு. அதை நான் விற்கக் கொடுக்கவில்லை. தையலைப் பிரித்து அதை மட்டும் அனுப்பிவிடுங்கள். மிச்சத்தை நீங்கள் போடுங்கள்.'

பவதாரணியின் பேனா நிற்காமல் அடுத்த வரிக்கு இறங்கியது.

"நான் சொல்லேல்லை. என்ன எழுதுறாய்?"

"எப்பிடி நடந்ததெண்டு ரெண்டு வரி அம்மா. தெரிஞ்சா அவவுக்கு மனம் இரங்கும்."

"அதை வெட்டு," என்றார் அல்போன்சம்மா. "இரங்கினது காணும். என்ர சாமானைத் தரச்சொல்லு."

பவதாரணி அந்த வரியை வெட்டிவிட்டு, முழுவதையும் புதிய தாளில் திரும்ப எழுதினாள். அல்போன்சம்மா செதில் ஒட்டிய விரலைச் சேலையில் துடைத்துவிட்டுத் தன் முழுப்பெயரையும் வைத்தார். அவருக்கு மகன் முறையான பெறாமகன் ஜெகதீஸ், பள்ளிக்கூட மாஸ்ரர், அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிச் சேர்த்தான். ஊர்காவற்றுறைத் தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டார்கள்.

நான்கு மாதமாகியும் பதில் இல்லை. போன கிழமை பவதாரணி திரும்பப் போய் இரண்டாவது கடிதத்தை எழுதினாள். அதிலும் அதே நாலு வரிதான்.